திடல், பூங்கா, குப்பைமேடு: வடசென்னையின் பசுமை வெளிகளை யார் தீர்மானிக்கிறார்கள்?

2024 அக்டோபர் கடைசியில், தீபாவளிக்கு ஓரிரு நாள் முன்பு, சென்னை மாநகராட்சி மன்றம் ஒரு தீர்மானம் போட்டது. மாநகராட்சியின் 9 செயற்கைப் புல் கால்பந்து திடல்களைப் பராமரிப்புக்காகத் தனியாரிடம் விடுவது, ஆட வருபவரிடம் மணிக்கு ஆளுக்கு 120 ரூபாய் வாங்குவது என்பது அதன் சாரம். வியாசர்பாடித் திடலும் அந்தப் பட்டியலில் இருந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் தீர்மானம் கைவிடப்பட்டது.

செய்தி அத்தோடு முடிந்துபோனது. பலருக்கும் எழுந்த கேள்விகள் அப்படியே நின்றன. திடலைப் பராமரிக்க மாநகராட்சிக்குப் பணம் வேண்டாமா? 'மக்களைக் கேட்டுச் செய்' என்கிறார்களே, எந்த மக்களை, எந்தக் கட்டத்தில், எப்படிக் கேட்பது? கேட்கச் சொல்லிச் சட்டம் இருக்கிறதா?

ஒரு சின்னக் கணக்கு. மாலையில் இரண்டு மணி நேரம் பந்தாடும் பையனுக்கு ஒரு நாளைக்கு 240 ரூபாய் ஆகும். மாதம் 25 நாள் ஆடினால் 6,000 ரூபாய். வியாசர்பாடியில் எந்த வீட்டுக் கதவைத் தட்டியிருந்தாலும் இந்தக் கணக்கை அரை நிமிடத்தில் போட்டுக் காட்டியிருப்பார்கள். தீர்மானம் மன்றத்துக்கு வரும்வரை யாரும் அதைப் போட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை.

முதலில் மூன்று சொற்கள்

1. பசுமை வெளி. அரசுக் கோப்புகளில் இது பூங்கா, விளையாட்டுத் திடல், சாலையோர மரம், நீர்நிலைக் கரை, தொழிற்சாலையைச் சுற்றிய மரவேலி ஆகியவற்றைக் குறிக்கும். ஆனால் வடசென்னையில் மக்கள் காற்று வாங்கும் இடங்கள் பல இந்தப் பட்டியலிலேயே வராது. வலையை விரித்துப் போட்டுச் சரிசெய்யும் காசிமேட்டு மணல், குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் இரண்டு பிளாக்குகளுக்கு நடுவே உள்ள வெற்றிடம், கால்வாய்க் கரையோரத்து வேப்பமரம் ஒன்று. கோப்பில் இல்லாத இடம் பறிபோனால், இழப்பும் கோப்பில் ஏறாது.

2. விளிம்புநிலை மக்கள். மீனவர்கள், தூய்மைப் பணியாளர்கள், குப்பை பொறுக்கிப் பிழைப்பவர்கள், வாரியக் குடியிருப்புகளில் வாழ்பவர்கள், பட்டா இல்லாமல் கால்வாய்க் கரையில் இருப்பவர்கள், ஜார்ஜ் டவுன் நடைபாதையில் தலைமுறைகளாகக் குடும்பம் நடத்துபவர்கள், எண்ணூர்க் கழிமுகத்தை நம்பியிருக்கும் இருளர்கள், திருநர்கள், மணலி, மாதவரம் பக்கம் வேலைக்கு வந்த வெளிமாநிலத் தொழிலாளர்கள். இவர்களில் பலர் தலித்துகள். இந்த எல்லாப் பிரிவுக்குள்ளும் பெண்களும் பிள்ளைகளும் இன்னொரு படி கீழே இருக்கிறார்கள்.

3. பங்கேற்பு. இந்தச் சொல்தான் அதிகம் ஏமாற்றுவது. 1969இல் ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்கர் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாகப் பிரித்துக் காட்டினார். அடிப்படிகளில் மக்களைச் சும்மா உட்கார வைத்துத் தலையாட்டச் செய்வது. நடுவில் தகவல் சொல்வது, கருத்துக் கேட்பது. மேற்படிகளில் அதிகாரத்தைப் பகிர்ந்துகொள்வது, கடைசியில் மக்களே நடத்துவது. நம் ஊரில் 'மக்கள் பங்கேற்புடன்' என்று பேனர் கட்டி நடப்பதில் முக்கால்வாசி, பள்ளிப் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி மரக்கன்று நடும் நிகழ்ச்சி. ஏணியின் எந்தப் படியில் அதை வைப்பது என்பதை வாசகரே முடிவு செய்துகொள்ளலாம்.

வடசென்னையில் பச்சை ஏன் இவ்வளவு குறைவு?

மண்ணின் கோளாறு என்று சிலர் சொல்வதுண்டு. கடலோரத்தில் நிலத்தடி நீர் உப்பு என்பது உண்மைதான். ஆனால் பூவரசும் புன்னையும் தாழையும் உப்புக் காற்றிலேயே வளர்பவை. காரணத்தை நிலப் பதிவேடுகளில் தேட வேண்டும்.

19ஆம் நூற்றாண்டின் நடுவில், ஜார்ஜ் டவுனை ஒட்டி, இன்றைய சென்ட்ரல் பக்கம், 'பீப்பிள்ஸ் பார்க்' உருவானது. 116 ஏக்கர், குளங்கள், பிறகு விலங்குக் காட்சிசாலை. நெரிசலில் மூச்சுத் திணறிய கறுப்பர் நகரத்துக்கு (ஜார்ஜ் டவுனின் அன்றைய பெயர்) ஒரு நுரையீரலாக இருக்கும் என்று அமைத்தது. அதன் மேல்தான் விக்டோரியா பொதுமண்டபம், மூர் மார்க்கெட், ரிப்பன் கட்டடம், நேரு விளையாட்டரங்கம் எனக் கட்டடங்கள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. விலங்குகளும் 1985இல் வண்டலூருக்குப் போய்விட்டன. மாநகராட்சியின் தலைமையகமான ரிப்பன் கட்டடமே ஒரு பூங்காவின் மேல் நிற்கிறது என்பது நினைவில் வைக்கத் தக்க செய்தி.

வடக்கே போகப் போக நிலம் துறைமுகத்துக்கும், ரயில்வேக்கும், ஆலைகளுக்கும், மணலியின் எண்ணெய், ரசாயனத் தொழில்களுக்கும் போனது. பெரம்பூரின் பி அண்ட் சி நெசவாலை மூடப்பட்ட பிறகு அந்தப் பெருநிலம் அடுக்குமாடிகளாக மாறியது.

இன்னொரு காரணம் அதிகம் பேசப்படாதது. இன்று புதிய பூங்காவுக்கான நிலம் பெரும்பாலும் எங்கிருந்து வருகிறது? ஓ.எஸ்.ஆர். என்று பத்திர அலுவலகங்களில் சொல்லும் திறந்தவெளி ஒதுக்கீட்டிலிருந்து. 2019ஆம் ஆண்டின் கட்டட விதிகளின்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் மனைப்பிரிவோ பெரிய கட்டடமோ போட்டால், சாலைப் பரப்பு நீங்கலாக 10 சதவீத நிலத்தைத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால், நிலம் விட முடியாதபோது அதன் வழிகாட்டி மதிப்பைப் பணமாகக் கட்டலாம். 3,000க்குக் கீழே எதுவும் கிடையாது.

இதன் விளைவு எளிது. பெரிய மனை பிரியும் புதுப் பகுதிக்குப் பூங்கா கிடைக்கும். அரை கிரவுண்டு, கால் கிரவுண்டு வீடுகளாக நூறு வருடம் முன்பே அடைந்துபோன ராயபுரத்துக்கும் பழைய வண்ணாரப்பேட்டைக்கும் வியாசர்பாடிக்கும் இந்த வழியில் ஒரு செண்டு கூட வர வாய்ப்பில்லை. யாரும் வஞ்சம் வைத்துச் செய்தது என்று சொல்ல முடியாது. விதியின் அமைப்பே அப்படி.

பற்றாக்குறையின் அளவைப் பார்க்க ஒரு ஒப்பீடு. 2014இல் மத்திய அரசு வெளியிட்ட நகரத் திட்டமிடல் வழிகாட்டுதல் ஆளுக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளி என்கிறது. முழு அளவுக் கால்பந்து திடல் ஒன்று சுமார் 7,000 சதுர மீட்டர். 10,000 பேர் வாழும் குடியிருப்புப் பகுதிக்கு அந்த அளவில் 14 திடல்கள் இருக்க வேண்டும். வடசென்னையில் அந்த ஜனத்தொகைக்கு ஒரே ஒரு திடல் இருந்தாலே பாக்கியம். அந்த ஒன்றைத்தான் மணிக்கு 120 ரூபாய்க்கு விடப் பார்த்தார்கள்.

இடையில் ஒரு சேதி: ராயபுரத்தின் ராபின்சன் பூங்காவில்தான் 1949 செப்டம்பரில் திமுகவின் தொடக்கக் கூட்டம் கொட்டும் மழையில் நடந்தது. இன்று மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் இருபது பேர் கூடி உரக்கப் பேசினால் வாட்ச்மேன் விசிலடிப்பார்.

ஒரு பூங்காவின் முடிவுகள் எடுக்கப்படும் இடங்கள்

பங்கேற்பைப் பற்றிப் பேசும்போது 'மக்களிடம் கருத்துக் கேட்டோம்' என்ற ஒற்றை வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். உண்மையில் ஒரு பூங்கா பல முடிவுகளின் கோர்வை.

1. எந்த நிலம்? காலி இடத்தில் பூங்காவா, ரேஷன் கடையா, நீரேற்று நிலையமா என்பது பெரும்பாலும் மண்டல அலுவலகத்தில் தீர்ந்துவிடும். அந்த இடத்தை இன்று யார் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்ற குறிப்பு கோப்பில் இருந்தால் அதிசயம்.

2. என்ன வடிவம்? வரைபடம் வழக்கமாக ஒரே அச்சு: சுற்றுச்சுவர், '8' வடிவ நடைபாதை, புல்தரை, உடற்பயிற்சிக் கருவி நான்கு, ஊஞ்சல் இரண்டு. புல்தரைக்குத் தினமும் தண்ணீர் வேண்டும். குடத்தோடு லாரிக்குக் காத்திருக்கும் தெருவில் புல்லுக்குத் தண்ணீர் விட்டால் சண்டை வராமல் என்ன செய்யும்? அந்தத் தெருக்காரர்களைக் கேட்டால் புல் வேண்டாம், நிழல் வேண்டும் என்பார்கள். மழை வந்தால் தண்ணீர் எந்த மூலையில் தேங்கும், எத்தனை நாள் நிற்கும் என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும். மதிப்பீடு தயாரிக்கும் பொறியாளர் கோடையில் வந்து அளந்துவிட்டுப் போயிருப்பார்.

3. யார் எடுத்து நடத்துவது? பராமரிப்பு டெண்டரில் போகிறது. குறைந்த விலை கேட்டவருக்கு வேலை. ஒப்பந்த நிபந்தனையில் செடி, விளக்கு, துப்புரவு எல்லாம் இருக்கும். உள்ளூர் ஆளுக்கு வேலை தர வேண்டும் என்ற வரியோ, பயன்படுத்துபவர்கள் வேலையைப் பார்த்துச் சரி என்று கையெழுத்திட்டால்தான் பில் பாஸாகும் என்ற வரியோ இருந்தால் கதையே வேறு.

4. என்ன விதி, எப்போது திறப்பு? என் கணிப்பில் இதுதான் எல்லாவற்றிலும் பெரியது. செலவே இல்லாத முடிவு என்பதால் யாரும் இதைப் பொருட்படுத்துவதில்லை.

பகலில் பூட்டிவைக்கும் பூங்கா ஒன்றுக்குக் காலை 11 மணிக்குப் போய்ப் பாருங்கள். கேட்டில் சங்கிலி சுற்றிப் பூட்டுத் தொங்கும். உள்ளே புங்க மர நிழலில் சிமெண்ட் பெஞ்சுகள் காலியாக இருக்கும். வெளியே, சுற்றுச்சுவரின் அடியில் அரை மீட்டர் அகலத்துக்கு விழும் நிழலில், கால்களை ஒடுக்கிக்கொண்டு நாலைந்து பெண்கள். பக்கத்தில் வரிசையாகக் காலிக் குடங்கள். தலைக்கு மேலே பலகையில் 'பந்து விளையாடக் கூடாது, புல்லில் அமரக் கூடாது, தின்பண்டம் கொண்டுவரக் கூடாது'.

காலை 5 முதல் 9, மாலை 4 முதல் 8 என்ற மாதிரி நேரம் நடைப்பயிற்சி போகிறவருக்கு வைத்தது. அதிகாலையில் காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்று முடித்து வரும் பெண்ணுக்கு ஓய்வு கிடைப்பது பகலில். விடியலில் தெரு கூட்டுபவருக்கும் அப்படியே. நைட் ஷிப்ட் முடித்தவருக்கு ஒண்டுக்குடித்தனத்தின் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே தூக்கம் வராத நேரமும் பகல்தான். மேலே சொன்ன விளிம்புநிலை மக்களில் பாதிப் பேரை அந்த நேரப் பலகையே வெளியே நிறுத்திவிடுகிறது.

பூட்டுவதற்கும் காரணம் இல்லாமல் இல்லை. குழாயைக் கழற்றிக்கொண்டு போகிறார்கள், குடிக்கிறார்கள், கஞ்சா புழங்குகிறது. பூட்டச் சொல்லி மனு கொடுப்பவர்களில் அதே தெருப் பெண்களும் இருக்கிறார்கள். பையன்கள் திறக்கச் சொல்கிறார்கள். 'மக்கள்' என்று ஒற்றை ஆள் யாரும் கிடையாது. மீனவர் குப்பங்களில் ஊர்ப் பஞ்சாயத்தைக் கேட்டால் ஆண்கள்தான் பேசுவார்கள். குடியிருப்போர் நலச் சங்கத்தைக் கேட்டால் சொந்த வீட்டுக்காரர்கள்தான் பேசுவார்கள். பெண்களைத் தனியாக, பிள்ளைகளைத் தனியாக, வேலை இல்லாத நேரத்தில், அவர்கள் இருக்கும் இடத்துக்கே போய்க் கேட்டால்தான் இந்த முரண் வெளியே வரும். தீர்வும் அதிலிருந்துதான் பிறக்கும்: பகலில் திறந்துவைத்து, உள்ளூர்ப் பெண் ஒருவரைக் காவலுக்குச் சம்பளத்தோடு போடுவது போல.

சட்டம் எங்கே கதவைத் திறந்திருக்கிறது?

1992இல் நிறைவேறிய 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நகர உள்ளாட்சிகளுக்கு 18 பொறுப்புகளைப் பட்டியலிட்டது. பூங்கா, தோட்டம், விளையாட்டுத் திடல் அதில் ஒன்று. நகர வனம், சூழல் பாதுகாப்பு இன்னொன்று. நலிந்த பிரிவினரின் நலன் காப்பதும் அதே பட்டியலில் இருக்கிறது. மூன்றையும் சேர்த்து வாசிக்கும் பழக்கம்தான் வரவில்லை.

தமிழ்நாட்டில் வார்டு குழு, பகுதி சபை ஆகியவற்றுக்கான விதிகள் 2022இல் வந்தன. அதே ஆண்டு நவம்பர் 1 உள்ளாட்சி நாளில் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. கிராமசபைக்கு நகரத்தின் பதில் என்று புரிந்துகொள்ளலாம். இதில் ஒரு நல்ல அம்சம் உண்டு: அந்தப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீங்கள் பகுதி சபை உறுப்பினர். பட்டா வேண்டாம், வீட்டுவரி ரசீது வேண்டாம். கால்வாய்க் கரைக் குடிசையில் இருப்பவரும் அடுக்குமாடிக்காரரும் அங்கே சமம்.

ஓட்டைகளும் அதே இடத்தில்தான். வாக்காளர் பட்டியல் என்றதும் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் விடுபடுகிறார்கள். திடலை அதிகம் பயன்படுத்துவது அவர்கள்தான். வெளிமாநிலத் தொழிலாளியின் ஓட்டு பீகாரிலோ ஒடிசாவிலோ இருக்கிறது. பகுதி சபை பரிந்துரைக்கலாம், மாநகராட்சி கேட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் வலுவாக இல்லை.

தெருவோர வியாபாரிகள் சட்டத்தை (2014) பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். அந்தச் சட்டப்படி நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதம் பேர் வியாபாரிகளாக இருக்க வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். அமலாக்கத்தில் ஆயிரம் குறை இருந்தாலும், எண்ணிக்கை சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. பூங்காவுக்கு அப்படி ஒரு வரி இல்லை. 1959ஆம் ஆண்டின் தமிழ்நாடு பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் பாதுகாப்புச் சட்டம் இடத்தைப் பட்டியலிட்டுக் காக்கச் சொல்கிறது. இடத்தை ஆளும் குழுவில் யார் இருக்க வேண்டும் என்று பேசவில்லை.

'மேலிடத்தில் பிரதிநிதித்துவம் இருக்கிறதே' என்ற வாதம் வரும். இருக்கிறது. 2022இல் சென்னை மேயர் பதவி பட்டியலினப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டு, திரு.வி.க. நகரிலிருந்து தேர்வான ஆர். பிரியா பொறுப்பேற்றார். மன்றத்தில் 50 சதவீத இடங்கள் பெண்களுக்கு. இவை பெரிய மாற்றங்கள்தான். ஆனாலும் 120 ரூபாய்த் தீர்மானம் நிறைவேறியது அதே மன்றத்தில்தான். ரிப்பன் மாளிகையில் இருக்கும் நாற்காலி, வியாசர்பாடி முல்லை நகர்த் திடலோரத்தில் ஒரு கூட்டம் போடுவதற்கு ஈடாகாது.

பச்சை வருகிறது என்றால் ஆளைக் கிளப்புகிறார்களா?

வடசென்னையில் கால்வாய் ஓரம் இருப்பவரிடம் 'இங்கே பூங்கா வரப் போகிறது' என்று சொல்லிப் பாருங்கள். முதல் கேள்வி: "எங்களை எங்க அனுப்பப் போறீங்க?" காரணம் அனுபவம். நீர்நிலைச் சீரமைப்பு என்ற பெயரில் வீடு இழந்தவர்கள் 20, 30 கிலோமீட்டர் தாண்டிக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் போனதை நகரம் முழுக்கப் பார்த்திருக்கிறார்கள். கூவம் கரையில் நடந்தது பக்கிங்காம் கால்வாய்க் கரைக்குத் தெரியாதா?

வெள்ளத்தில் மூழ்கும் கரையில் வீடு இருப்பது பாதுகாப்பில்லை, உண்மை. ஆனால் வீட்டை எடுத்த இடத்தில் நடைபாதையும் வேலியும் வரும்போது, அந்தக் கரையை இத்தனை வருடம் தாங்கியவர்கள் அதைப் பார்க்கக்கூட அருகில் இருப்பதில்லை. இன்னொரு விதமும் உண்டு, சத்தமில்லாதது. பூங்கா அழகானதும் சுற்றிலும் வாடகை ஏறும், வாடகைக் குடித்தனங்கள் ஒவ்வொன்றாக இடம் பெயரும். இதைப் பசுமை இடப்பெயர்வு என்று அழைக்கலாம். 2024 மார்ச்சில் 4,181 கோடி ரூபாய்க்குத் தொடங்கப்பட்ட வடசென்னை வளர்ச்சித் திட்டம் போன்ற பெரும் முதலீடு வரும் காலத்தில் இந்த அச்சம் வீண் அச்சம் இல்லை.

ஆகவே பங்கேற்பில் முதல் நிபந்தனை, வரைபடத்துக்கும் முன்னால், இதுவாக இருக்க வேண்டும்: பூங்காவால் யாரும் வெளியேற்றப்பட மாட்டார்கள், தவிர்க்கவே முடியாதென்றால் அதே வார்டில் அல்லது பக்கத்து வார்டில் வீடு என்று எழுத்தில் வர வேண்டும். அந்தத் தாள் கையில் இல்லாமல் கூட்டப்படும் கருத்துக் கேட்புக்கு அவர்கள் வராமல் போவது நியாயமே.

அடுத்து கொடுங்கையூர்

இதுவரை சொன்னதெல்லாம் சின்ன நிலங்களின் கதை. கொடுங்கையூர்க் குப்பைமேட்டில் பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் பயோமைனிங் வேலை நடக்கிறது. மண்ணும் கல்லும் தனியாக, எரியக் கூடிய பிளாஸ்டிக் தனியாகப் பிரிந்து போக, நிலம் மீள்கிறது. சுமார் 250 ஏக்கர். வடசென்னையின் நடுவில் அவ்வளவு பெரிய நிலம் இனி எந்தக் காலத்திலும் கிடைக்காது. 116 ஏக்கர் பீப்பிள்ஸ் பார்க் இரண்டு முறை அடங்கும்.

அங்கேயே குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் எரிஉலைக்கான திட்டமும் வந்தது. 2025இல் வடசென்னைக் குடியிருப்பாளர்கள் மனிதச் சங்கிலி அமைத்து எதிர்த்தார்கள். தலைமுறைகளாக நகரத்தின் நாற்றத்தை மூச்சில் வாங்கியவர்கள், புகையையும் வாங்க மறுத்தார்கள்.

இந்த நிலத்தைப் பொறுத்தவரை கேட்க வேண்டியவை மூன்று.

1. மேட்டில் குப்பை பொறுக்கிப் பிழைத்தவர்களின் நிலை என்ன? 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளே அவர்களை அங்கீகரித்து அமைப்புக்குள் சேர்க்கச் சொல்லியிருந்தன. மீண்ட நிலத்தில் நாற்றங்கால், உரக்கிடங்கு, பூங்காப் பராமரிப்பு என எது வந்தாலும் முதல் வேலை அவர்களுக்கு என்று டெண்டரிலேயே எழுத முடியும்.

2. மண் சோதனை முடிவுகள் தமிழில், வார்டு அலுவலகத்தில் ஒட்டப்படுமா? பிள்ளைகள் உருண்டு விளையாடப் போகும் மண் அது.

3. நிலப் பயன்பாடு எந்த ஆவணத்தில் பூட்டப்படும்? எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் சென்னையின் இரண்டாவது முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) 2026 வரைக்குமானது. மூன்றாவதில் அந்த நிலம் 'திறந்தவெளி' என்று குறிக்கப்பட்டால் பிற்பாடு கட்டடம் கட்ட நினைப்பவர் அதை மாற்ற மெனக்கெட வேண்டியிருக்கும். 'பொதுப் பயன்பாடு' என்று பொத்தாம்பொதுவாக விட்டால் அலுவலகமும் கட்டலாம், உலையும் வைக்கலாம்.

மூன்றாவது கேள்விக்குப் பதில் எழுதப்படுவது எழும்பூரில், பெருநகர வளர்ச்சிக் குழுமத்தில். வரைவு வெளியானதும் ஆட்சேபம் சொல்லக் கால அவகாசம் உண்டு. கொடுங்கையூர், வியாசர்பாடி பக்கத்துப் பகுதி சபைகள் அதற்குள் கூடித் தீர்மானம் போட்டு அனுப்பினால் அது கோப்பில் ஏறும். பகல் வேலைக்குப் போகிறவர்கள் வரக்கூடிய நேரத்தில் அந்தக் கூட்டம் வைக்கப்படுமா என்பது வார்டு உறுப்பினர்கள் கையில் இருக்கிறது.